தரவரிசையும் பாடவரிசையும்: வராத தட்டுகளின் வரலாறு

1

கோவிலூர் விலக்கு டீக்கடையில் நடந்த ஒரு சண்டையிலிருந்து இந்தக் கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. சண்டை சாதிக்காகவோ கட்சிக்காகவோ அல்ல. இளையராஜா சினிமாவுக்கு வெளியே போட்ட தட்டுகளில் எது முதலிடம், எது இரண்டாமிடம் என்பதற்காக. மெல்லிசைக் குழு ஒன்றில் கீபோர்டு வாசிக்கிற தம்பி ஒருவர் ஒரு வரிசை சொன்னார். பெயிண்ட் வேலைக்குப் போகிற இன்னொருவர் அதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார். குரல் ஏறி, கிளாஸ் உருண்டு, கடைசியில் இரண்டு பேரும் என் பக்கம் திரும்பி, 'அண்ணே, நீங்க தமிழ் எம்.ஏ. படிச்சவுக, நீங்களே ஒரு வரிசை போட்டுக் குடுங்கண்ணே' என்றார்கள்.

மேற்கே ராக் குழுக்களின் ரசிகர்களுக்கு இது பழகிய விளையாட்டு. பீட்டில்ஸின் எந்தத் தட்டு மேல், பிங்க் ஃபிளாயிடின் எந்தத் தட்டு கீழ் என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். தமிழில் அந்த விளையாட்டுக்குத் தோதாக அலமாரி நிறைய தட்டு போட்ட ராக் குழு என்று ஒன்று நம்மிடம் உருவாகவில்லை. நம்முடைய எழுபதுகளின், எண்பதுகளின் கிதார், டிரம்ஸ், பேஸ் எல்லாம் சினிமாவின் வயிற்றுக்குள் போய்விட்டன. அதனால் அந்த ஆசை வேறு இடம் தேடுகிறது. சினிமாக் கதையின் கட்டளை இல்லாமல் இளையராஜா போட்ட சில தட்டுகளில் வந்து நிற்கிறது.

வரிசை போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நானும் போடப் போகிறேன். ஆனால் அதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேட்டாக வேண்டும். தட்டு என்றால் என்ன? வரிசை என்றால் என்ன? இரண்டுமே வரலாறு உள்ள சாமான்கள். இரண்டுக்கும் முதலாளி உண்டு, வாசல் உண்டு, வாசலில் நிறுத்தப்பட்டவர்களும் உண்டு.

2

நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றுகிற பழைய அரக்குத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடத்துக்கு மேல் பாட முடியாது. நான்கு மணி நேரக் கச்சேரி பண்ணிய வித்வான்கள் இந்த மூன்று நிமிடத்துக்குள் ஆலாபனையைச் சுருக்கினார்கள். 'ஆல்பம்' என்ற சொல்லே இந்தப் போதாமையிலிருந்து வந்தது. நீளமான ஒரு படைப்பைப் பல தட்டுகளில் பதிந்து, போட்டோ ஆல்பம் போல அட்டை உறைகளை வைத்துத் தைத்து விற்றார்கள். 1948இல் கொலம்பியா நிறுவனம் நீண்டநேரத் தட்டைக் கொண்டுவந்த பிறகு ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கும் மேலே கிடைத்தது. தனித்தனிப் பாட்டுகளைக் கோத்து ஒரே சிந்தனையாக்கிப் பார்க்கும் ஆசை ராக் குழுக்களுக்கு வந்தது இந்த இடம் கிடைத்ததால்தான். கலைஞனின் மேதைமை என்று நாம் கொண்டாடுவதில் ஒரு பங்கு பிளாஸ்டிக்கின் மேதைமை.

இந்தத் தட்டு வியாபாரத்துக்கும் எங்கள் ஊர்ப்பக்கத்துக்கும் நெருங்கிய உறவு இருக்கிறது. கோவிலூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் காரைக்குடியில் ஆவிச்சிச் செட்டியார் நடத்திய கடை ஏவி அண்ட் சன்ஸ். அதில் கிராமஃபோன் தட்டுகளும் விற்றன. அவர் மகன் மெய்யப்பன்தான் பின்னாளில் ஏவி.எம். கடையில் தட்டு விற்றவர் சென்னையில் கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கி, ஓடியன் என்ற ஜெர்மன் கம்பெனியின் பெயரில் தமிழ்த் தட்டுகளைக் கொண்டுவந்தார். அந்தத் தட்டு வியாபாரத்திலிருந்துதான் படம் எடுக்கப் போனார். 1945இல் ஏவி.எம். நிறுவனம், பிறகு காரைக்குடி தேவகோட்டை ரஸ்தாவில் கீற்றுக்கொட்டகை ஸ்டுடியோ, 1947இல் அங்கேயிருந்து 'நாம் இருவர்'. பாரதி பாடல்களைத் தட்டில் பதியும் உரிமை அப்போது அவர் கையில் இருந்தது. அதை 1949இல் விலை வாங்காமல் அரசுக்குக் கொடுத்தார்.

இந்தச் செய்தியைப் பெருந்தன்மைக் கதையாக மட்டும் படிப்பது நம் வழக்கம். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் இன்னொன்று தெரியும். ஒரு கவிஞன் செத்து கால் நூற்றாண்டுக்குப் பிறகும் அவன் பாட்டை யார் பாடலாம், எந்தத் தட்டில் பாடலாம் என்பது ஒரு வணிகர் கையில் இருந்தது. அவர் கொடுத்ததால்தான் அது பொதுவானது. பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடை நடத்திச் சேர்த்த முதல், தட்டாகவும் படமாகவும் பல்கலைக்கழகமாகவும் உருமாறிய காலம் அது. தமிழர்களின் காதுக்கு எது போக வேண்டும் என்பதைத் தீர்மானித்ததில் செட்டிநாட்டின் கைக்குப் பெரிய பங்கு உண்டு. அன்னக்கிளிக்குத் திரைக்கதை வசனம் எழுதி, 1976இல் இளையராஜாவை உள்ளே கொண்டுவந்த பஞ்சு அருணாசலமும் இதே மண்ணின் சிறுகூடல்பட்டிக்காரர்தான், கண்ணதாசனைப் போல.

3

இனி வரிசை. இசையை வரிசைப்படுத்துவது ரசிகனின் சின்ன ஆசை என்று தோன்றும். நம் நாட்டில் அது அரசாங்கத்தின் வேலையாகவே நடந்திருக்கிறது. 1952இல் கேஸ்கர் செய்தி ஒலிபரப்பு மந்திரியானார். வானொலியில் சினிமாப் பாட்டு ஒழிந்தது. கலைஞர்களைப் பரீட்சை வைத்துத் தரம் பிரிக்கும் முறை வந்தது. ஏ டாப், ஏ, பி ஹை, பி என்று பரோட்டாக் கடைப் பட்டியல் மாதிரி மனிதர்களுக்கு எழுத்துப் போட்டார்கள். ஆர்மோனியம் அதற்கு முன்பே, 1940இலேயே, வானொலியிலிருந்து விலக்கப்பட்டிருந்தது. நாடகக் கொட்டகையிலும் தெருமேடையிலும் பஜனை மடத்திலும் ஊருக்கே சுருதி பிடித்துக் கொடுத்த பெட்டி அது. அந்தப் பெட்டிதான் பின்னால் பண்ணைப்புரத்துச் சகோதரர்களின் முதல் வாத்தியம். சினிமாப் பாட்டு கேட்க ஜனங்கள் இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். தில்லி தாழ்த்திய வரிசையைக் கொழும்பு தலைகீழாக்கியது.

தமிழிசை இயக்கமும் ஒரு வரிசைச் சண்டைதான். 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், 1941இல் தமிழிசை மாநாடு, 1943இல் தமிழ் இசைச் சங்கம் என்று ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் பணத்தையும் செல்வாக்கையும் இறக்கினார். கச்சேரியின் கடைசியில் 'துக்கடா'வாகத் தொங்கிக்கொண்டிருந்த தமிழ்ப் பாட்டை மேடையின் நடுவுக்குக் கொண்டுவரக் கேட்ட அந்தப் போராட்டம் நியாயமானது. மியூசிக் அகாதமி வட்டாரம் அதை எதிர்த்த விதமும் நமக்குத் தெரியும். ஆனால் அந்த இயக்கம் மேலே கொண்டுபோன தமிழ் எது? தேவாரம், கீர்த்தனை, பதம். நடவுப் பாட்டும் ஒப்பாரியும் பறையும் தமிழிசை என்ற சொல்லுக்குள் அன்று வரவில்லை. மொழியின் வரிசை மாறியது, தெருவின் வரிசை மாறவில்லை.

வெளியேயும் இதே கதைதான். 1723இல் லைப்சிக் நகரசபை தேவாலய இசைப் பொறுப்புக்கு ஆள் தேடியது. முதல் விருப்பம் டெலிமான், அவர் வரவில்லை. அடுத்து கிரௌப்னர், அவருடைய எஜமானர் விடவில்லை. அதற்குப் பிறகுதான் பாஹ் என்ற மூன்றாம் ஆள். அவர் இறந்து எண்பது வருடம் நெருங்கும்போது, 1829இல், மெண்டல்சன் பெர்லினில் மத்தேயு பாடுகளை மீண்டும் அரங்கேற்றினார். அது அவரை மேலே தூக்கியது. ராக் உலகத்துக்கு வருவோம். ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 2003இல் போட்ட ஐந்நூறு தட்டுகளின் பட்டியலில் முதலிடம் பீட்டில்ஸின் சார்ஜண்ட் பெப்பருக்கு. 2020இல் வாக்களிப்போரை மாற்றிப் புதிதாகப் பட்டியல் போட்டபோது முதலிடம் மார்வின் கே என்ற கறுப்பினப் பாடகருக்கு. சார்ஜண்ட் பெப்பர் 24ஆம் இடம். பதினேழு வருடத்தில் அந்தத் தட்டில் ஒரு சுரம்கூட மாறவில்லை. மாறியது யார் உட்கார்ந்து கை தூக்கினார்கள் என்பது.

ஆக, தரவரிசை என்பது கேட்கப்பட்டதின் வரலாறு அல்ல. கேட்டவர்களின் வரலாறு. தீர்ப்பைப் படிப்பதற்கு முன் நீதிபதியைப் படிக்க வேண்டும்.

4

இப்படியெல்லாம் பேசிவிட்டு நழுவிப்போனால் அந்தத் தம்பிகள் என்னை விட மாட்டார்கள். விமர்சகன் தன் கையை மறைத்துக்கொண்டு மற்றவர் கையை மட்டும் காட்டுவது யோக்கியம் ஆகாது. ஆகவே என் வரிசை இதோ. சினிமாவுக்கு வெளியே அவர் போட்டவற்றில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மூன்றாமிடம்: சிம்பொனி வடிவில் திருவாசகம், 2005. தமிழ் மையம் வெளியிட்டது. புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்தது. ஆங்கில வரிகளை எழுதியவர் ஸ்டீபன் சுவார்ட்ஸ். வடிவத்தைக் கறாராகப் பார்த்தால் இது சிம்பொனியைவிட ஆரட்டோரியோவுக்குத்தான் நெருக்கம் என்று அப்போதே பேசப்பட்டது. எனக்கு அது பெரிய குறையில்லை. என் சங்கடம் வேறு. ஓதுவார்கள் மோகனத்தில் ஓதிவந்த பிரதி இது. எங்களுக்குக் கிழக்கே ஆவுடையார்கோயில் பக்கம் போனால் மாணிக்கவாசகர் இன்னும் ஊர்க்காரர் மாதிரிதான். ஏற்கெனவே உச்சியில் இருக்கும் ஒரு பிரதியை எடுத்து, ஏற்கெனவே உச்சியில் இருக்கும் ஒரு வாத்தியக் குழுவிடம் கொடுக்கும்போது கிடைக்கும் பிரமாண்டத்தில் கொஞ்சம் இரவல் கலந்திருக்கிறது. இருந்தும் அதற்குள் ஒன்று நடக்கிறது. அத்தனை வயலின்களுக்கு முன்னால் இளையராஜா தன் சொந்தக் குரலில் பாடுகிறார். அது சபாவில் பழகிய குரல் அல்ல. மைக் இல்லாத மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்கவேண்டும் என்று தொண்டை திறந்து பழகிய குரல். அந்தக் குரலுக்காகத்தான் இந்தத் தட்டு என் பட்டியலில் இருக்கிறது.

இரண்டாமிடம்: நத்திங் பட் விண்ட், 1988. புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியா. ஒரு பக்கம் எழுதிக்கொடுத்த சுரங்களை வாசிக்கும் பெரிய வாத்தியக் குழு. மறுபக்கம் எழுத்துக்கு அடங்காமல் மூச்சின் போக்கில் வளரும் மூங்கில். எழுத்தும் வாய்மொழியும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்கிற இடம் இது. தமிழ் படித்தவனுக்கு இந்த இடம் சும்மா போகாது. நம் இலக்கிய வரலாறு முழுக்க இந்தச் சந்திப்புதானே. ஆனால் சில இடங்களில் குழல் ராஜாவாகி, வாத்தியக் குழு பரிவாரம் ஆகிவிடுகிறது. உரையாடல் தணிந்து உபசாரம் தொடங்கிவிடுகிறது. அந்த இடங்களில்தான் இது இரண்டாமிடத்துக்கு இறங்குகிறது.

முதலிடம்: ஹவ் டு நேம் இட், 1986. வயலின் வி. எஸ். நரசிம்மன். தியாகராஜருக்கும் பாஹுக்கும் சமர்ப்பணம் செய்யப்பட்ட தட்டு. இதில் ஒரு பகுதிக்குத் தலைப்பு, என் வீட்டில் பாஹைச் சந்தித்தேன் என்பது. பாஹின் மூன்றாம் வயலின் பார்ட்டிட்டாவின் முன்னிசை ஓடிக்கொண்டிருக்க, அதன்மேல் இவருடைய இசை ஏறிப் பின்னிக்கொள்கிறது. எல்லோரும் இதில் பாஹைப் பார்க்கிறார்கள். நான் அந்த 'என் வீட்டில்' என்பதில் நின்றுவிடுகிறேன். மேற்குக்குப் போய் வாசலில் நின்று சான்றிதழ் வாங்கிய கதை இது அல்ல. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த ஒருவர் தன் வீட்டுக்குப் பாஹைக் கூப்பிடுகிறார், தியாகராஜரையும் கூப்பிடுகிறார், இரண்டு பேரும் வந்து சரிசமமாக உட்கார வேண்டியிருக்கிறது. யார் வீட்டுக்கு யார் போகலாம், யார் திண்ணையோடு நிற்க வேண்டும் என்பதுதானே இந்த நாட்டில் சாதி. அந்த இலக்கணத்தை வார்த்தை இல்லாமல் கலைத்துப் போட்ட தட்டு இது. அப்படிச் செய்ததாக அவர் எங்கும் சொல்லத் தேவையில்லை; சாதியை முன்வைத்துத் தன்னைப் பேசுவதை அவர் விரும்பியதும் இல்லை. பிரதி ஆசிரியனைவிடக் கூடுதலாகப் பேசும்.

இதே தட்டில் இன்னொரு பகுதிக்கு 'டோன்ட் கம்பேர்' என்று பெயர். ஒப்பிடாதே. வரிசை போடுகிற எனக்கும் சேர்த்து விழுந்த அடி. 1986இல் இப்படித் தலைப்பிட்டவர், 2022இல் ஒரு நூலின் முன்னுரையில் அம்பேத்கரையும் நரேந்திர மோடியையும் ஒப்பிட்டார். அதே ஆண்டு மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். நம் தோழர்கள் பலருக்கு அன்று அவருடைய பாட்டு கசந்தது; எனக்கும் அந்த முன்னுரை கசந்தது, இன்னும் கசக்கிறது. அதைச் சொல்லாமல் அவரைக் கொண்டாடுவது பக்தி. அதைச் சொல்லி, தட்டையும் சேர்த்துக் குப்பையில் போடுவது சோம்பேறித்தனம். அந்த முன்னுரைக்குப் பதில் எழுத்தில் சொல்ல வேண்டும். தட்டுக்குப் பதில் காதால் சொல்ல வேண்டும்.

5

முதலிடம் கொடுத்த பிறகும் ஒரு நெருடல் மிஞ்சுகிறது. வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் பாஹும் தியாகராஜரும். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த அண்ணன் எங்கே?

பாவலர் வரதராசன். கம்யூனிஸ்ட் மேடைகளின் பாடகர். கேரளத்தில் முதல் கம்யூனிஸ்ட் மந்திரிசபை உட்கார்ந்திருந்த 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தல் வந்தது. வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ். தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்த தமிழ்த் தொழிலாளர்கள் நடுவே பாவலர் பாடினார், கட்சி ஜெயித்தது. தம்பிகள் பாஸ்கர், ராசய்யா, அமர்சிங் எல்லோரும் அந்தக் குழுவில் வளர்ந்தவர்கள். ராசய்யா பின்னாளில் இளையராஜா, அமர்சிங் கங்கை அமரன். ஆர்மோனியம், கிதார், தாள வாத்தியம், ஊர் ஊராகப் பயணம், அரசியல் பாட்டு, அண்ணன் தம்பி சண்டை. ஒரு ராக் குழுவுக்கு என்னவெல்லாம் வேண்டுமோ அத்தனையும் இருந்தது. ஒன்றுதான் இல்லை: தட்டு. தமிழ்நாட்டின் ஆகப் பெரிய குழுவுக்குக் கேட்பதற்கு ஒரு ஆல்பம் கிடையாது. அன்னக்கிளி வரும் முன்பே பாவலர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஏன் இல்லை? காசு இல்லை என்பது பாதிப் பதில். மீதிப் பாதி, அது பாட்டு என்றே எண்ணப்படவில்லை. பிரச்சாரம் என்று எண்ணினார்கள். கட்சிக்கு அது கூட்டம் சேர்க்கும் வழி. தலைவர் மேடை ஏறியதும் பாட்டை நிறுத்திக்கொள்ள வேண்டும். கம்பெனிக்கு அது விற்காத சரக்கு. வானொலிக்கு அது எந்த எழுத்துக்கும் கீழே வராத தரம். முதலாளி, அரசு, கட்சி மூன்றும் வேறெதிலும் ஒத்துப்போகாதவை. இந்தப் பாட்டைப் பதியாமல் விட்டதில் மட்டும் ஒத்துப்போயின. இடதுசாரி நண்பர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

வராத இன்னொரு தட்டும் உண்டு. 1993இல் லண்டனில் ராயல் ஃபில்ஹார்மானிக் குழு வாசித்துப் பதிவு செய்த இளையராஜாவின் சிம்பொனி. வெளிவரவில்லை. முப்பத்திரண்டு வருடம் கழித்து, 2025 மார்ச் 8 அன்று அதே குழு லண்டன் அரங்கில் அவருடைய 'வேலியண்ட்' சிம்பொனியை வாசித்தபோது ஊரே கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் வராத சிம்பொனியைப் பற்றிப் பேச நம்மிடம் அத்தனை பேர் இருக்கிறோம். வராத பாவலர் தட்டைப் பற்றிப் பேச எத்தனை பேர்? இல்லாமையிலும் வரிசை இருக்கிறது.

எங்கள் சிவகங்கை மாவட்டத்தில் ஒருவர் இந்தச் சுவரை உடைத்தார். இளையான்குடிப் பக்கம் மாரந்தையில் பிறந்த கே. ஏ. குணசேகரன். தன்னானே கலைக்குழு வைத்து, கிராமத்துப் பாட்டையும் தலித் அரசியலையும் ஒரே தொண்டையில் ஏற்றினார். வெண்மணிக்குப் பின் இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' அவர் குரலில்தான் தெருத்தெருவாகப் போனது. அதைச் சுமந்தது அரக்குத் தட்டோ நீண்டநேரத் தட்டோ அல்ல, ஒலிநாடா. வீட்டிலேயே படியெடுக்கலாம், கூட்டம் முடிந்ததும் கைமாற்றலாம், தேய்ந்தால் திரும்பப் பதியலாம். கம்பெனி முத்திரை தேவையில்லாத முதல் ஒலிச் சாதனம் அதுதான். 2016இல் அவர் இறந்தார். டீக்கடைத் தம்பிகள் இரண்டு பேர் வரிசையிலும் அவர் பெயர் இல்லை. கேட்டதற்கு, 'அவுக ஆல்பமா போட்டாகண்ணே?' என்றார் கீபோர்டு தம்பி. கேள்வியில் கேலி இல்லை, அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. அதுதான் வலித்தது.

வலி அவர்மேல் அல்ல. என் அப்பத்தா நடவுக்குப் போனவள். அவள் பாடிய பாட்டுகளை எம்.ஏ. படிக்கும்போது ஒப்படைப்புக்காக எழுதி எடுத்தேன். சந்தம், உவமை, வாய்பாடு என்று பிரித்து எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். அப்போது என் சட்டைப்பையில் பதிவு செய்கிற வசதியுள்ள செல்போன் இருந்தது. அதில் இளையராஜா பாட்டுகள் இருந்தன. ஒரு தடவைகூட அதை அவள் முன்னால் நீட்டத் தோன்றவில்லை. இன்று அவள் இல்லை. வரிகள் என் ஏட்டில் இருக்கின்றன. மெட்டு எங்கேயும் இல்லை. முதலாளி, அரசு, கட்சி என்று மேலே மூன்று பேரைக் குற்றம் சொன்னேனே, நாலாவதாக என்னையும் எழுதிக்கொள்ளலாம்.

6

கோவிலூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மடம்தான் ஞாபகம் வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் முத்துராமலிங்க ஆண்டவரால் உருவான வேதாந்த மடம். வேதாந்தத்தைத் தமிழிலேயே பாடம் சொன்ன இடம். கைவல்லிய நவநீதம், ஞானவாசிட்டம் உள்ளிட்ட பதினாறு நூல்களை வைத்து அங்கே ஒரு பாடவரிசை உண்டு. முதலில் எதைக் கேட்பது, அது செரித்த பிறகு எதைக் கேட்பது என்று அமைந்த வரிசை. எனக்கு வேதாந்தத்தில் நம்பிக்கை இல்லை. அந்தப் படிகளில் ஏற எல்லாத் தெருக்காரர்களுக்கும் வழி இருந்ததா என்று எந்த மடத்தைப் பார்த்தும் கேட்க வேண்டிய கேள்வியை இங்கேயும் கேட்பேன். ஆனால் அந்த யோசனையை எடுத்துக்கொள்ளலாம்.

தரவரிசையில் முதல் என்றால் மேல், மற்றதெல்லாம் கீழ். பாடவரிசையில் முதல் என்றால் தொடக்கம். பின்னால் வருவது தாழ்ந்தது என்று அர்த்தம் இல்லை. தரவரிசை பொருளைப் பார்த்துப் பேசுகிறது. பாடவரிசை கேட்கிறவனின் காதைப் பார்த்துப் பேசுகிறது. முந்தையதில் ஒருவர் ஏற இன்னொருவர் இறங்கியாக வேண்டும். பிந்தையதில் விட்டுப்போனதைச் சேர்க்க எப்போதும் இடம் இருக்கும்.

ஆகவே தம்பிகளுக்கு நான் எழுதிக்கொடுத்தது இதுதான். முதலில் குணசேகரனின் 'மனுசங்கடா'. அதைக் கேட்டபின் பாவலருக்காகக் கொஞ்ச நேரம் எதையும் போடாமல் இருங்கள். அந்த இடம் காலி என்பது காதுக்குத் தெரிய வேண்டும். பிறகு ஹவ் டு நேம் இட். அப்போது அந்த வீடு யாருடைய வீடு என்று கேட்கும். பிறகு நத்திங் பட் விண்ட். பிறகு திருவாசகம், அதில் வாத்தியங்களை விட்டுவிட்டு அந்தத் தொண்டையை மட்டும் பின்தொடருங்கள், பாவலர் குழுவின் மிச்சம் அதில் கொஞ்சம் கிடைக்கலாம். கடைசியில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ். 2018 ஜனவரியில் சென்னையில் மேடை ஏறிய குழு. கானாவும் ராப்பும் ராக்கும் பறையும் ஒரே வரிசையில் நின்றன. அயோத்திதாசர் சொன்ன சாதியற்ற தமிழர் என்பதிலிருந்து பெயர். நாம் ஒரு காலத்தில் இல்லையென்று ஏங்கிய ராக் குழு, வரும்போது இந்தப் பெயரோடுதான் வந்தது.

காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டுப் பெயிண்ட் வேலைத் தம்பி, 'எல்லாஞ் சரிண்ணே, பாவலருக்கு எம்புட்டு நேரம் சும்மா இருக்கணும்?' என்று கேட்டார். மூன்று நிமிடம் என்றேன், பழைய தட்டின் ஒரு பக்கம். அவர் சிரித்துவிட்டு, தன் ஆத்தாவுக்கும் ஒப்பாரி தெரியும், கேட்டால் திட்டுவாள், ஆனாலும் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். எழுத வேண்டாம் தம்பி, பதிவு செய்யுங்கள் என்றேன்.